18 வயதுக்கு முன் ஒரு சான்றிதழ்

வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகப் பேசப் போகிறோமா? முதலில் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்போம். பெற்றோரின் சான்றைக் காட்ட உறவினர் யாராவது இருக்கும்போதே வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியில் சேரும் நாளில் தேடினால் ஆதிதிராவிடர் கல்வி உதவித்தொகை கைநழுவும். நம் பிள்ளைக்கு அதுதான் படிப்பே.

18 முடிந்ததும் "இனி உன் பாடு" என்பார்கள். ஏற்க வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் கீழ் 21 வயது வரை பிற்காப்பு உதவி கேட்கலாம். 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் அதற்கு மாதம் ரூ.4,000 உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குவோம். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. குழந்தைகள் நலக் குழு மறுத்து உத்தரவிட்டால், 30 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.