வெட்டுக்கத்தியின் உறுதிச் சோதனை

வெட்டுக்கத்தியின் உறுதிச் சோதனை என்பது, ஓங்கி வெட்டும் வேலைக்குப் பயன்படும் பெரிய கத்தியோ அரிவாளோ எத்தனை நாள் வாய் மழுங்காமலும், அலகு முறியாமலும், பிடி கழலாமலும் உழைக்கும் என்பதை அறிய மேற்கொள்ளும் சோதனைகளைக் குறிக்கும். கூடாரம் அடித்து வெளியில் தங்கும் பயணங்களில் விறகு பிளக்கவும் முளைக்குச்சி சீவவும் ஒரே கத்தியை நம்பியிருக்க வேண்டியிருப்பதால், அதைச் சோதித்து எடுத்துச் செல்வது வழக்கம். மீன், இறைச்சி, இளநீர் வெட்டுபவர்களுக்கோ கத்தி அன்றாடப் பிழைப்புக்கான கருவி. நடுவில் முறியும் அலகும் பிடியிலிருந்து பறக்கும் அலகும் வெட்டுபவரையும் அருகில் நிற்பவரையும் படுகாயப்படுத்தக் கூடியவை.

இக்கட்டுரையில் அலகு என்பது கத்தியின் இரும்புப் பகுதி முழுவதையும், வாய் என்பது கூரான விளிம்பையும், முதுகு என்பது எதிர்ப்புறத் தடித்த விளிம்பையும், காம்பு என்பது பிடிக்குள் செருகியிருக்கும் பகுதியையும் குறிக்கும்.

வேலைக்கேற்ற கத்தி

எந்த வேலைக்கான கத்தி என்று சொல்லாமல் உறுதியை அளக்க முடியாது. சென்னையில் இதைக் காண நல்ல இடம் நொச்சிக்குப்பம். மெரினா கடற்கரையின் தென்பகுதியில், மயிலாப்பூருக்குக் கிழக்கே அமைந்த மீனவர் குடியிருப்பு இது. இங்கே லூப் சாலையோரத்தில் நெடுங்காலமாக மீன் விற்பனை நடந்து வந்தது. அவ்வியாபாரிகளுக்காக 366 கடைகள் கொண்ட அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நெத்திலி, சங்கரா போன்ற மீன்களைச் சுத்தம் செய்ய அரிவாள்மனையோ சிறு கத்தியோ போதும். பெரிய வஞ்சிரத்தையும் பாறையையும் துண்டு போடத்தான் அகன்ற, கனத்த கத்தி வேண்டும். அந்தக் கத்தி நடுமுள்ளை வெட்டிக் கடந்து அடியிலுள்ள மரக்கட்டையில் இறங்குகிறது. உடனே தண்ணீரில் நனைகிறது. நாள் முழுவதும் உப்புக் காற்றில் கிடக்கிறது. அதன் முதல் எதிரி துரு. முறிவு அதற்குப் பிறகுதான்.

அதே கடற்கரையில் இளநீர் வெட்டுபவரின் அரிவாளைப் பாருங்கள். மட்டை நாருள்ளது, ஆனால் மென்மையானது. எனவே அதன் வாயை மெல்லியதாகச் சீவி வைக்கலாம். அந்த அரிவாளைக் கொண்டு காய்ந்த சவுக்குக் கட்டையை வெட்டினால் வாய் மடங்கிப் போகும். அதற்காக அது மட்டமான அரிவாள் ஆகிவிடாது. விறகு வெட்டும் கத்திக்கு வாய் தடித்திருக்க வேண்டும். பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை வரை சாய்வு இருப்பது நல்லது. சமையல் கத்திக்கு 15 பாகையே போதும்.

கடினமும் முறியாத்தன்மையும்

உருக்கின் இரண்டு குணங்கள் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. கடினம் மிகுந்தால் வாய் நெடுநாள் கூராக இருக்கும். ஆனால் அடி விழுந்தால் சில்லு தெறிக்கும். முறியாத்தன்மை மிகுந்தால் அடியைத் தாங்கும். ஆனால் வாய் விரைவில் மழுங்கும். கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டிக்கும் ரப்பருக்கும் இடையில் ஓர் இடத்தைத் தேர்வு செய்வது போன்றது கொல்லரின் வேலை.

அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. பொதுவாக நம் பட்டறைகளில் பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி எடுத்து அரிவாள் அடிப்பதுண்டு. வில்பட்டை உருக்கில் கரிமம் ஏறத்தாழ 0.5 முதல் 0.65 விழுக்காடு வரை இருக்கும். லாரியின் பாரத்தை ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட உருக்கு என்பதால், ஓங்கி வெட்டும் கருவிக்கும் அது பொருந்துகிறது. ஒரு குறை உண்டு: பல ஆண்டுகள் உழைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்கெனவே இருக்கலாம். அதைக் கண்டறியும் வழி கீழே சொல்லப்படுகிறது.

பட்டையின் தரத்தைவிடத் தோய்ச்சல்தான் பெரிது. அலகைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று ஆற்றினால் உருக்கு மிகக் கடினமாகும். கூடவே கண்ணாடி போல நொறுங்கும் தன்மையும் வரும். அதனால் மறுபடியும் மிதமாகச் சூடேற்றி அந்த நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய அலகில் அப்போது தோன்றும் நிறமே கொல்லரின் வெப்பமானி. வெளிர்மஞ்சள் என்றால் ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ், பழுப்பு 250, ஊதா 280, நீலம் 300. சிறு கத்திக்கு மஞ்சளில் நிறுத்தலாம். ஓங்கி வெட்டும் கத்திக்கு ஊதா, நீலம் வரை போவார்கள். முதுகை நீலமாக்கி வாயைப் பழுப்பில் நிறுத்தும் கைத்திறன் வாய்த்த கொல்லரின் அரிவாள் தலைமுறை தாண்டி உழைக்கும்.

தடிப்பையும் கவனிக்க வேண்டும். அலகின் தடிப்பை 3 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ. ஆக்கினால் எடை இரு மடங்குதான் கூடும். ஆனால் பக்கவாட்டில் வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். அது தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

வெட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கத்தியைப் பற்றிப் பாதி உண்மை தெரிந்துவிடும்.

முதலில் விரிசல். அலகை நூலில் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டினால் நல்ல அலகு மணி போல ஒலித்து மெல்ல அடங்கும். ஓட்டைப் பானை போன்ற மந்தமான ஒலி வந்தால் ஐயப்பட வேண்டும். உறுதிப்படுத்த, அலகு முழுவதும் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் வைத்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்குக்கட்டித் தூளை மெல்லியதாகப் பூசவும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் சற்று நேரத்தில் கசிந்து, வெள்ளைப் பூச்சில் ஒரு கருங்கோடாகத் தெரியும். இரும்புப் பாகங்களின் விரிசலைக் காண முற்காலப் பணிமனைகள் கையாண்ட முறை இதுவே. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டவும் ஏற்றது.

அடுத்தது கடினம். புதிய அரத்தின் ஓரத்தை வாயின் மீது மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் போவது போல அரம் இறங்கினால் தோய்ச்சல் இல்லை. சற்றும் பிடிக்காமல் வழுக்கினால் அலகு அரத்தின் அளவுக்குக் கடினமானது. ஓங்கி வெட்டினால் சில்லு போகும். சிறிதளவு பிடித்து, சிரமப்பட்டுத் தேய்ந்தால் சரி.

மூன்றாவது பித்தளைக் கம்பிச் சோதனை. மேசைமேல் கிடத்திய பித்தளைக் கம்பியின் மீது வாயைச் சாய்த்து அழுத்தினால் மெல்லிய வாய் சற்றே வளைவது ஒளியில் தெரியும். கம்பியை விட்டு எடுத்ததும் அது நிமிர வேண்டும். வளைந்தபடியே நின்றால் உருக்கு மிருது; துண்டாகத் தெறித்தால் மிகக் கடினம். இச்சோதனையைக் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் செய்யக் கூடாது.

கடைசியாகப் பிடி. காம்பும் அலகும் சேரும் மூலை செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் ஒவ்வோர் அடியின் விசையும் அந்த ஒரு புள்ளியில் குவியும். நாளடைவில் அங்கேதான் முறியும். அந்த மூலை வளைவாக இருக்க வேண்டும். மரப்பிடி வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும். எனவே கடையில் இறுக்கமாக இருந்த பிடி ஒரு கோடைக்குப் பின் ஆடத் தொடங்கும். பூண் தளர்ந்திருக்கிறதா, பிடியைக் காதருகே வைத்து ஆட்டினால் கடகடவென்று ஒலிக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும்.

முகாமில் வெட்டிப் பார்த்தல்

எங்கே வெட்டுவது என்பது முதல் கேள்வி. வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972-இன் 31-ஆம் பிரிவின்படி முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழையக் கூடாது. அச்சட்டம் ஆயுதம் என்று வரையறுப்பவற்றில் கத்தியும் அடங்கும். ஆயுதச் சட்டம், 1959-இன் கீழான விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைக் கட்டுப்படுத்துகின்றன. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே சோதனைக்கு உரிய இடம் சொந்தத் தோட்டம், அல்லது உரிமையாளரின் ஒப்புதல் பெற்ற முகாம் இடம். நிற்கும் மரத்தை வெட்டிப் பார்ப்பது சோதனை அல்ல. விறகுக்கடையில் வாங்கிய காய்ந்த சவுக்குக் கழியே போதும். தடிப்பும் காய்ச்சலும் ஒன்றாக உள்ள கழிகள் கிடைப்பதால் ஒப்பிடுவதற்கும் அதுவே வசதி.

சோதனை ஒப்பீடாக இருந்தால்தான் பயன். இரண்டு கத்திகளையும் ஒரே சாய்வில் தீட்டிக்கொண்டு, ஒரே ஆள், ஒரே கழியில், மாற்றி மாற்றி 25 வெட்டுகளாக ஒவ்வொன்றிலும் 100 வெட்டு வெட்ட வேண்டும். முதலில் ஒரு கத்தியால் நூறையும் வெட்டி முடித்தால், களைத்த கையில் வந்த இரண்டாம் கத்திக்கு அநியாயம் செய்தவர்களாவோம். ஒவ்வொரு 25 வெட்டுக்குப் பின்னும் செய்தித்தாளின் ஓரத்தை அறுத்துப் பார்த்து, வாயை வெயிலில் திருப்பிக் கவனிக்கவும். கூரான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது. வெள்ளிக் கோடு போல மின்னினால் மழுங்கியோ மடங்கியோ இருக்கிறது. பிறைவடிவப் பள்ளம் தெரிந்தால் சில்லு போயிருக்கிறது. மடங்கிய வாயைத் தீட்டி நிமிர்த்தலாம். சில்லு போனால் அந்த ஆழம் வரை முழு வாயையும் தேய்த்தெடுக்க வேண்டும்.

கட்டையில் சிக்கிய கத்தியைத் திருகி எடுப்பது வாய்க்குப் பெருங்கேடு. நேராக வெட்டும்போது விசை அலகின் அகலம் முழுவதிலும் பரவுகிறது. திருகும்போதோ மெல்லிய வாய் மட்டும் பக்கவாட்டில் தாங்குகிறது. வந்த வழியிலேயே மேலும் கீழும் அசைத்து எடுக்க வேண்டும். முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பதையும் பலர் சோதனையாகச் செய்கிறார்கள். நேரான, தடித்த அலகு அதைத் தாங்கும். நுனி வளைந்த அரிவாளுக்கு அது பொருந்தாது. இரும்புக் கம்பியாலோ சுத்தியலாலோ முதுகில் அடிப்பது எந்தக் கத்திக்கும் ஆகாது. உருக்குடன் உருக்கு மோதினால் சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. கல்லையும் ஆணியையும் வெட்டிக் காட்டும் வேடிக்கைகளால் அந்தக் கத்தி விறகை எப்படி வெட்டும் என்பது தெரியப் போவதில்லை.

வெட்டும் கட்டையை முழங்காலுக்குக் கீழே வைத்து, கத்தி தவறினாலும் மண்ணில் இறங்கும்படி நிற்க வேண்டும். வீச்சுக்கு நேர் முன்னாலும் பின்னாலும் யாரும் இருக்கக் கூடாது. பிடியிலிருந்து கழன்ற அலகு அந்தத் திசையில்தான் போகும்.

முகாமில் வேறொரு சேதமும் நேர்வதுண்டு. அடுப்பைக் கிளறக் கத்தியைப் பயன்படுத்தினால் வாயின் தோய்ச்சல் போய்விடும். ஈரமில்லாமல் இயந்திரச் சாணையில் தீட்டினாலும் இதேதான். தீட்டிய வாயில் நீலம் படர்ந்திருந்தால் வெப்பம் 300 பாகையைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தீட்டச் சொல்லுங்கள். நின்று கேட்டு வாங்கினால் செய்து தருவார்கள்.

உப்பைத் தாங்கும் திறன்

மீன் வெட்டும் கத்திக்கு இதுவே முதன்மைச் சோதனை. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு உண்டு. ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, அதில் நனைத்த துணியை அலகில் ஓரிரவு சுற்றி வைத்தால் போதும். கரிம உருக்கு மறுநாள் செம்மை படிந்திருக்கும், அதில் வியப்பில்லை. துடைத்த பிறகு மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறதா, ஊசிமுனைக் குழிகள் விழுந்திருக்கின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். வாயில் விழும் குழி அடுத்த சில்லுக்கு வழி வைக்கும். எவர்சில்வர் கத்தியில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். இருந்தும் உப்புநீர் தேங்கும் பிடியிடுக்கில் அதுவும் குழி விழும். மீன் வெட்டிய கத்தியை நல்ல தண்ணீரில் கழுவி, உலரத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி வைப்பதே எளிய காப்பு. பிடிக்குள் ஒளிந்திருக்கும் காம்பை எந்த எண்ணெயும் எட்டாது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை பிடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஆய்வகத்தில் உப்புத் தாங்கும் திறனை அளக்க, 35 பாகை செல்சியஸில் 5 விழுக்காட்டு உப்புக் கரைசலைப் பனிபோலத் தெளிக்கும் பெட்டி பயன்படுகிறது. வாயின் கூர் நீடிப்பை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 8442-5 தரமுறையில், மணற்சத்து கலந்த அட்டைக் கட்டின்மேல் கத்தி முன்னும் பின்னும் நகர்த்தப்பட்டு, ஒவ்வொரு வீச்சிலும் எவ்வளவு ஆழம் வெட்டியது என்று பதிவு செய்யப்படுகிறது. இது சமையல் கத்திகளுக்கானது. ஓங்கி வெட்டும் வேலையின் அடி இதில் இல்லை.

அடியையும் சேர்த்துச் சோதிப்பது, 1976-இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கத்தின் தேர்வு. தேர்வு எழுதும் கொல்லர் தாமே அடித்த, அலகு 10 அங்குலத்துக்கு மேற்படாத கத்தியால் தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு, இரண்டுக்கு நான்கு அங்குலக் கட்டையை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பின்னும் அதே வாய் கையின் முடியை மழிக்க வேண்டும். இறுதியில் அலகைப் பட்டறைப் பிடியில் இறுக்கி 90 பாகை வரை வளைப்பார்கள். அது இரண்டாக முறியக் கூடாது. தேர்ச்சி பெற்றாலும் கத்தி வீண்தான்.