கப்பல் வேலையில் சலுகை எது, உரிமை எது?

வல்வெட்டித்துறைக்குக் கப்பற்றொழில் புதியதன்று. அவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயர் மாற்றப்பட்டு, அவ்வூர் மாலுமிகளுடன் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த வரலாற்றை யாவரும் அறிவர். இன்றும் அங்குள்ள இளைஞர் வர்த்தகக் கப்பல்களில் வேலை தேடுகின்றனர். அவர்கள்முன் வைக்கப்படும் சலுகைப் பட்டியல் கவர்ச்சியானது. இலவச உணவு, விமானச் சீட்டு, இணைய வசதி என அது நீளும்.

இவற்றிற் பெரும்பாலானவை சலுகைகளே அல்ல என்பதை நாம் முதலிற் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013 இல் நடைமுறைக்கு வந்தது. மாலுமிக்கு உணவும் குடிநீரும் இலவசமாக வழங்கப்படல் வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பும் செலவைக் கப்பல் உரிமையாளரே ஏற்றல் வேண்டும். வேலை பெற்றுத் தருவதற்கென மாலுமியிடம் கட்டணம் அறவிடலாகாது என்பன அதன் விதிகள். இணைய வசதியை இயன்றவரை வழங்க வேண்டுமென்ற திருத்தமும் 2024 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. உரிமையைச் சலுகையெனக் கூறி விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

உண்மையில் எடைபோட வேண்டியது ஓய்வையே. 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம், 7 நாட்களில் 77 மணித்தியாலம் ஓய்வு வேண்டுமென்பது விதி. அந்தப் 10 மணித்தியாலத்தை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கலாகாது. ஒரு பகுதி 6 மணித்தியாலத்துக்குக் குறையலாகாது. ஆனால், இரண்டே அதிகாரிகள் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறிமாறிக் கடமையிலிருக்கும் சிறு கப்பல்களில் நிலைமை வேறு. கிடைக்கும் ஆறு மணித்தியாலத்தினுள் உண்ணவும் குளிக்கவும் வேண்டும். பதிவேடுகளையும் எழுத வேண்டும். துறைமுகத்தை அடைந்தாலோ சரக்கு ஏற்றியிறக்கும் வேலை எஞ்சிய உறக்கத்தையும் விழுங்கிவிடும்.

இதன் விளைவை 2010 ஏப்ரல் 3 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் தரைதட்டிய 'ஷென் நெங் 1' என்ற சீன நிலக்கரிக் கப்பல் காட்டியது. அப்போது கப்பலைச் செலுத்தும் பொறுப்பிலிருந்த முதன்மை அதிகாரி, அதற்கு முந்திய 38½ மணித்தியாலங்களில் ஏறத்தாழ 2½ மணித்தியாலமே உறங்கியிருந்தாரென அந்நாட்டு விசாரணை கண்டறிந்தது. களைப்பை முறையாகக் கவனிக்கும் ஏற்பாடு எதுவும் அக்கப்பலில் இருக்கவில்லை.

விதியிருந்தும் இவ்வாறு நேர்வதேன்? ஓய்வு நேரப் பதிவேடுகளை விதிக்கேற்பத் 'திருத்தி' எழுதுவது கப்பல்களில் வழக்கமாகிவிட்டதென உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் ஆய்வறிக்கையொன்று 2020 இல் எடுத்துரைத்தது. உள்ளதை உள்ளபடி எழுதினால் பரிசோதகரிடம் கப்பல் அகப்படும், கம்பனி சினக்கும், அடுத்த ஒப்பந்தம் கைநழுவும். இந்த அச்சமே கம்பனியொன்றின் பண்பாட்டை அறிய உகந்த அளவுகோல் என்பது எமது கருத்து. நல்ல சமையற்காரரும் வேகமான இணையமும் அதனை ஈடுசெய்ய மாட்டா.

கம்பனியின் விளம்பரத்தில் இதனைக் காணமுடியாது. வல்வெட்டித்துறை இளைஞருக்கோ வேறு ஊரவருக்கு இல்லாத வாய்ப்பொன்றுண்டு. கப்பலுக்குப் போய்த் திரும்பியவர்கள் அயலிலேயே இருக்கின்றனர். கையெழுத்திடுமுன் அவர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடலாகாது. கப்பலில் எத்தனை அதிகாரிகள் முறைமாறிக் கடமை பார்த்தனர், துறைமுகத்தில் எத்தனை மணித்தியாலம் உறங்கினார்கள், ஓய்வுப் பதிவேட்டை யார் எழுதினார்கள் என்றும் கேட்டறிதல் வேண்டும்.