போர்க்கால லண்டனில் மளிகைக் கடை

இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் 7 முதல் தொடர்ந்து 57 இரவுகள் லண்டன் மாநகர் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசின. இரவெல்லாம் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்தவர்களும் விடிந்ததும் மளிகைக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும்.

அவ்வாண்டு ஜனவரி 8-ஆம் தேதியே வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையில் பதிவு செய்துகொள்ளும். பதிவுக்குத் தக்கபடியே கடைக்காரருக்குச் சரக்கு. தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் 4 அவுன்ஸ் வெண்ணெய், சுமார் 113 கிராம். அதில் கால் அவுன்ஸ் குறைந்தாலும் ஒரு வேளை ரொட்டி வெறும் ரொட்டியாகிவிடும்.

கள்ளச் சந்தையும் இல்லாமல் இல்லை. ஆனாலும் 1954 ஜூலை 4 வரை பங்கீடு ஓடியது கடைக்காரரின் தராசை நம்பித்தான்.

வணிகப் பெருமக்களே! தட்டுப்பாட்டில் பதுக்கினால் ஒரு நாள் லாபம். சரியாக நிறுத்தால் தலைமுறை வாடிக்கை.