இடையில் நிற்கும் கணனியும் அதற்குள் எழுதிவைத்த வரம்புகளும்



பிள்ளையைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் சேர்க்க விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, பாடசாலையின் இணையத்தளத்துக்கு அனுப்புகிறீர்கள். உடனே 413 என்ற இலக்கத்தோடு ஒரு வெறும் பக்கம் வருகிறது. படத்தில் பிழையில்லை. தொலைபேசியிலும் பிழையில்லை. பாடசாலைக்காரரும் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. இடையில் நிற்கும் ஒரு கணனிதான் தடுத்திருக்கிறது. அந்தக் கணனியின் பெயர் புரொக்சி சேர்வர். இந்த மாத உரையில் அதைப் பற்றியும், அதற்குள் எழுதிவைத்த வரம்புகளைப் பற்றியும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

புரொக்சி என்றால் பதிலாள். ஜீ.பி. சேர்ஜரிக்குப் போனால் நாங்கள் நேரே டாக்டரின் அறைக்குள் நுழைவதில்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர் எங்கள் விபரத்தை வாங்கி உள்ளே அனுப்புவார். பதிலையும் அவரே கொண்டுவந்து தருவார். இணையத்தில் அந்த வேலையைச் செய்வது புரொக்சி.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பாவனையாளர் பக்கத்தில் நிற்பது. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பலருடைய கோரிக்கைகளை ஒன்றாக வெளியே கொண்டுபோவது இது. 1996இல் தொடங்கிய ஸ்குயிட் என்ற இலவச மென்பொருள் இந்த வகையில் பேர்போனது. ஒருவர் கேட்ட பக்கத்தைச் சேமித்து வைத்து, அடுத்தவருக்கு அதையே கொடுக்கும். 1990களின் பிற்பகுதியில், இணைப்புகள் மெதுவாகவும் விலை கூடியதாகவும் இருந்த காலத்தில், மன்செஸ்டர், லஃப்பரோ பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்காக இப்படியான ஒரு பொதுச் சேமிப்புச் சேவையை நடத்தின. மற்ற வகை, இணையத்தளத்தின் வாசலில் நின்று வருபவர்களை வாங்கி உள்ளே அனுப்புவது. 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் இந்த வேலைக்கு உலகமெங்கும் பாவிக்கப்படுகிறது.

இந்த மென்பொருட்களை நிறுவும்போது, எழுதியவர்கள் முன்கூட்டியே போட்டுவிட்ட சில இலக்கங்கள் கூடவே வரும். நாங்கள் மாற்றாதவரை அவைதான் சட்டம். என்ஜின்எக்ஸில் ஒருவர் ஒரு தடவையில் அனுப்பக்கூடியது 1 மெகாபைட். இன்றைய தொலைபேசியில் எடுத்த படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அதனால்தான் 413. உள்ளே இருக்கும் கணனி 60 செக்கன் ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் புரொக்சி காத்திருப்பதை நிறுத்திவிடும். அப்போது வருவது 504. ஒரு வேலைப் பிரிவு ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய தொடர்புகள் 512. வருபவரோடு ஒன்று, உள்ளே இருக்கும் கணனியோடு ஒன்று என்று ஒருவருக்கு இரண்டு தொடர்பு போகக்கூடும். ஆகவே 512 என்பது 512 பேர் அல்ல. ஸ்குயிட்டில் 4 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு சேமிக்கப்படாது. ஒவ்வொரு தடவையும் தூரத்தில் இருந்தே வரவேண்டும்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று கேட்பீர்கள். வரம்பே இல்லாவிட்டால் ஒரு குறும்பர் பெரிய கோப்புகளை அனுப்பி இடத்தை நிரப்பிவிடுவார். 2009இல் ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் முறை வெளிவந்தது. அது பெருந்தொகையாக எதையும் அனுப்புவதில்லை. பல தொடர்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் துளித்துளியாகப் பேசி, மேசையில் இருப்பவரை வேறு யாரையும் கவனிக்க விடாமல் வைத்திருக்கும். ஆகவே வரம்பு வேண்டும். ஆனால் 1 மெகாபைட் என்று எழுதியவருக்கு எங்கள் தமிழ்ப் பாடசாலையைத் தெரியாது. முன்பின் தெரியாத எல்லோருக்கும் ஆபத்தில்லாமல் இருக்கட்டும் என்று அவர் போட்ட மதிப்பீடு அது.

வரம்பு முட்டும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். நான் பார்த்தவரையில் மூன்று விதம் உண்டு. முதலாவது, 413 மாதிரி, வாயைத் திறந்து மறுப்பது. எரிச்சல்தான், ஆனால் மறுத்தது தெரிகிறது, வேறு வழி பார்க்கலாம்.

இரண்டாவது, முழுவதும் விழுந்துவிடுவது. 2025 நவம்பர் 18ஆம் திகதி லண்டன் நேரம் காலை 11.20 மணிக்கு இதைத்தான் கண்டோம். ஏராளமான இணையத்தளங்களின் வாசலில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் புரொக்சி விழுந்தது. எக்ஸ், சாட்ஜிபிடி உட்படப் பல தளங்கள் திறக்கவில்லை. நிறுவனம் முதலில் தாக்குதல் என்றே சந்தேகித்தது. காரணம் வீட்டுக்குள் இருந்தது. வருவது மனிதரா இயந்திரமா என்று கணிப்பதற்கான ஒரு கோப்பில் ஆகக்கூடியது 200 அம்சங்கள் என்று புரொக்சிக்குள் எழுதியிருந்தார்கள். வழமையாகப் பாவித்தது ஏறக்குறைய 60தான். அன்று தரவுத்தளத்தில் செய்த ஒரு மாற்றத்தால் அதே வரிகள் திரும்பவும் வந்து சேர, கோப்பு பெருத்து 200ஐத் தாண்டியது. புரொக்சி அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டுப் பழையதோடு ஓடியிருக்கலாம். அப்படிச் செய்ய அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அது அப்படியே நின்றுபோனது. பெரும்பகுதி வழமைக்குத் திரும்ப 2.30 ஆனது, முழுவதும் சரிவர மாலை 5.06 ஆனது.

மூன்றாவது விதம்தான் எனக்குப் பயம் தருவது: சத்தமில்லாமல் வெட்டிவிடுவது. இதற்கு உதாரணம் புரொக்சியில் அல்ல, இதே லண்டனில் தலைமையகம் வைத்திருந்த பப்ளிக் ஹெல்த் இங்கிலண்டில் நடந்தது. 2020 செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 கொரோனாத் தொற்றுகள் நாளாந்தக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைக்கு மேல் ஏற்காது, மிச்சம் விடுபட்டது. எண்ணிக்கை பிழைத்தது ஒரு பக்கம். அந்த ஆட்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் பிந்தியது. 413 என்று ஒரு பக்கம் வந்திருந்தால் அன்றே யாராவது கவனித்திருப்பார்கள்.

ஆகவே கோவில், ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், பாடசாலை என்று எதற்காவது இணையத்தளம் நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தளத்தைப் பராமரிப்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஒருவர் அனுப்பக்கூடிய ஆகப்பெரிய கோப்பு எவ்வளவு? ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம்? பதில் பிந்தினால் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? இவற்றில் ஒன்று முட்டினால் யாருக்குத் தெரியவரும்? முதல் மூன்றுக்கும் பதில் ஒரு சிறிய கோப்பில் இருக்கிறது. மாற்றுவதற்குச் சில நிமிடம் போதும். தேர்த்திருவிழா நுழைவுச்சீட்டோ பரீட்சை விண்ணப்பமோ திறக்கும் நாளுக்கு முதலே பாருங்கள். வரம்பை எடுத்துவிடச் சொல்லவில்லை, உங்கள் தேவைக்கு அளந்து போடச் சொல்கிறேன்.

நான்காவது கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடாதீர்கள். ஏற்க முடியாதபோது, ஏன் முடியாது, அடுத்து யாரைத் தொடர்புகொள்வது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். வெறும் இலக்கத்தைக் கண்டு, தன்னில்தான் பிழை என்று நினைத்துப் பேசாமல் போய்விடுகிற ஒரு அம்மம்மாவுக்கு அந்த இரண்டு வரி பெரிய உதவி.