ரெண்டு வாங்குங்க தம்பி!

ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு சாவதில்லை. நேற்று ஓடும், இன்று ஓடாது. கல்யாண ஆல்பம், வீட்டுப் பத்திர ஸ்கேன் எல்லாம் அதோடு போச்சு. அதனால் வெளியே ஒரு நகல் அவசியம்.

விக்கிரமசிங்கபுரத்து நண்பர் ஒருவர், "அண்ணாச்சி, ரெண்டு டி.பி.யிலே ஒண்ணு வாங்கட்டுமா?" என்றார்.

"ஒரு டி.பி.யிலே ரெண்டு வாங்குங்க தம்பி. ஒண்ணு வீட்டிலே, இன்னொண்ணு மாமனார் வீட்டு பீரோவிலே."

"மாமனாருக்கு ஸ்ரீவைகுண்டம்லா!"

சரிதான். 2023 டிசம்பரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஊர். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. லேப்டாப் மேஜை மேல், டிஸ்க் அதே மேஜை டிராயரில் என்றால் தண்ணீர் இரண்டையும் ஒன்றாகவே விசாரித்துவிடும். கடைசியில் தென்காசி சகலை வீடு என்று முடிவாயிற்று. மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. (சகலைகளுக்கும் ஒரு உபயோகம் வேண்டாமா?)

எஸ்.எஸ்.டி.யா, சுழலும் ரகமா? எஸ்.எஸ்.டி. வேகம், உள்ளே சுற்றும் தட்டு இல்லாததால் கீழே விழுந்தாலும் அநேகமாகப் பிழைக்கும். ஆனால் விலை அதிகம். வருஷக்கணக்கில் கரண்ட் காட்டாமல் பூட்டி வைத்தால் பதிவு அழியவும் கூடும். பீரோவில் தூங்கப்போகிற நகலுக்குச் சுழலும் ரகமே என் ஓட்டு. ஓடும்போது மட்டும் தட்டிவிடாதீர்கள்.

ஒரு டி.பி.யை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனிக்கு ஆயிரம் கணக்கு, விண்டோஸுக்கு 1024 கணக்கு. ஐந்நூறு ரூபாய்க்குப் பதினாறு டி.பி. என்று விற்கிறானே, அதுதான் மோசடி. உள்ளே இருப்பது ஒரு சின்ன மெமரி கார்டாக இருக்கும். நிறைந்ததும் சத்தமில்லாமல் பழைய ஃபைல் மேலேயே புதியதை எழுதும்.