வெளியார் கண்ணில் ஒரு துறை

ஒரு பல்கலைக்கழகத் துறையில் முப்பது பேராசிரியர்கள் இருபது, முப்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை பேரும் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்கள் கண்ணில் படாத குறை, வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப்போகும் இருவர் கண்ணில் எப்படிப் படுகிறது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துறை மதிப்பீட்டு முறை, அது படும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது.

டெக்சாஸில் இது விதியாகவே இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் ஒவ்வொரு முனைவர் பட்டப் படிப்பையும் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பிட வேண்டும் என்கிறது மாநில உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியம். மதிப்பிட வருபவர்கள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். அவர்கள் அந்தப் பாடத்தில் தேர்ந்தவர்களாக, டெக்சாஸுக்கு வெளியே வேலை பார்ப்பவர்களாக, அந்தத் துறையோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். கோப்புகளை அனுப்பிக் கருத்துக் கேட்டால் போதாது; ஆளை வளாகத்துக்கே வரவழைக்க வேண்டும்.

பாதி வேலை வருகைக்கு முன்பே நடந்துவிடுகிறது. துறை ஒரு சுயமதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், பட்டம் வாங்கச் சராசரியாக எத்தனை ஆண்டு, முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு உதவித்தொகை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வருபவரும் இதே போன்ற ஒரு துறையில் இருப்பவர்தான். பட்டத்துக்கு எட்டு ஆண்டு என்பது உள்ளே இருப்பவர்களுக்குப் பழகிப்போன செய்தி. ஆறு ஆண்டில் மாணவர்களை அனுப்பிவைக்கும் இடத்திலிருந்து வருபவரோ, ஏன் என்று கேட்பார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பேராசிரியர்களுக்கும் பொருந்தும்.

வந்தவர்கள் செய்யும் முக்கியமான காரியம், ஒரே கேள்வியைப் பல அறைகளில் கேட்பது. டீன், துறைத் தலைவர், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், ஆய்வு மாணவர்கள் என்று ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியே சந்திக்கிறார்கள். மாணவர்களோடு பேசும்போது கதவு மூடியிருக்கும். பேராசிரியர் ஒருவரும் உள்ளே இருக்க மாட்டார். “நெறியாளர்கள் மாணவர்களை வாரந்தோறும் சந்திக்கிறார்கள்” என்று தலைவர் சொல்லியிருக்கலாம். “உங்கள் நெறியாளரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” என்று இங்கே கேட்டால் போதும். விடைகள் எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் தோண்ட வேண்டும்.

இந்த வழி எண்களில் தெரியாததையும் வெளியே கொண்டுவரும். 1990-களின் தொடக்கத்தில் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ் உள்ளிட்ட பெண் இயற்பியலாளர்கள் அமெரிக்க இயற்பியல் துறைகளுக்கு நேரில் சென்றார்கள். பெண்கள் அங்கே ஏன் இவ்வளவு குறைவு, வந்தவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று அங்கிருந்த பெண்களிடமே கேட்டார்கள். அமெரிக்க இயற்பியல் கழகம் இதைத் தொடர் பணியாக்கியது. துறைத் தலைவர் அழைத்தால்தான் குழு போகும். அறிக்கை அவர் கைக்குத்தான் வரும். தரவரிசை எதுவும் கிடையாது.

பே ஏரியாவில் இருக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் இன்னொரு பயனைக் காட்டியது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே உயிரியல் என்பது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், தொல்லுயிரியல் என்று பத்துக்கும் மேற்பட்ட துறைகளாகப் பிரிந்து கிடந்தது. மூலக்கூறு உயிரியல் உலகெங்கும் வேகமெடுத்த காலம் அது. 1930-இல் கட்டிய உயிர் அறிவியல் கட்டடத்தின் ஆய்வகங்கள் புதிய ஆராய்ச்சிக்கு ஏற்றவையாக இல்லை. உயிர்வேதியியலாளர் டேனியல் கோஷ்லண்ட் போன்றவர்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் உள்ளே ஒருவர் சொன்னால் அது தன் துறைக்கு இடம் பிடிக்கும் பேச்சாகவே கேட்கும். உள் குழுவோடு வெளிக் குழு ஒன்றும் வந்து பார்த்து அதையே சொன்னபோது நிர்வாகத்தால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. பேராசிரியர் நியமனங்களைத் தனித்தனித் துறைகளின் பிடியிலிருந்து எடுத்து, வளாகம் முழுமைக்குமான ஆலோசனைக் குழுவின் பார்வைக்குக் கொண்டுவந்தார்கள். எந்தத் துறைக்காரர் என்பதை விட்டுவிட்டு, ஆராயும் கேள்வியை வைத்து உயிரியலாளர்களைப் புதிய குழுக்களாகச் சேர்த்தார்கள். 1989-இல் மூலக்கூறு மற்றும் செல் உயிரியல், ஒருங்கிணைந்த உயிரியல் என்ற புதிய துறைகள் பிறந்தன. புதுக் கட்டடங்கள் எழுந்தன; பழையதும் புதுப்பிக்கப்பட்டது.

நம் ஊரிலும் இந்த முறை உண்டு. கல்லூரிகளை மதிப்பிட 1994-இல் தொடங்கிய ‘நாக்’ (NAAC) அமைப்பின் குழு வருகிறதென்றால் கல்லூரியில் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், இரவெல்லாம் கோப்பு சேர்த்தார்கள், யார் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார்கள். காரணம் எளியது. அந்த வருகையின் முடிவில் ஊரறிய ஒரு கிரேடு வந்தது. கிரேடு கையில் இருப்பவரிடம் யாரும் குறையைச் சொல்ல மாட்டார்கள். குறையைச் சொல்லாத இடத்தில் வெளியார் கண்ணுக்கு வேலையே இல்லை.

வெளியார் தந்த அறிக்கை அலமாரியில் தூங்கினாலும் பயனில்லை. அதனால்தான் டெக்சாஸ் விதி, அறிக்கை கிடைத்த 180 நாட்களுக்குள் அதையும், துறை என்ன செய்தது, என்ன செய்யப்போகிறது என்பதையும் வாரியத்துக்கு அனுப்பச் சொல்கிறது.

தமிழகக் கல்லூரிகள் வெளியாரை அழைக்க அரசாணை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வேறு மாநிலத்திலிருந்து நல்ல ஆசிரியர்கள் இருவரை அழைத்து, கிரேடு இல்லாமல், “எங்களிடம் என்ன சரியில்லை?” என்று கேட்கலாம். நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஆய்வு செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: வெளி மதிப்பீட்டாளர்களைச் சந்திக்க அழைப்பு வந்தால் வேலை இருக்கிறதென்று தவிர்த்துவிடாதீர்கள். போங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கு அது உதவும்.