லேப்டாப்பில் மெமரி கார்டு எதற்கு?

லேப்டாப்பில் இடம் தீர்ந்ததும் பலர் பெரிய எஸ்டி கார்டு ஒன்றை வாங்கிச் செருகி, அதையே இன்னொரு ஹார்ட் டிஸ்க் போல நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள். அது அந்த வேலைக்கு வந்ததல்ல. 1999-இல் சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா மூன்றும் சேர்ந்து அதை அறிவித்தது, கேமரா போன்ற சிறு கருவிகளுக்காகத்தான். பரவலாகப் புழங்கும் யுஎச்எஸ்-1 வகையின் உச்ச வேகமே விநாடிக்கு 104 மெகாபைட்; சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500-ஐ எட்டிவிடும். சிறு சிறு கோப்புகளை அங்கங்கே எழுதுவதில்தான் இடைவெளி இன்னும் பெரிது. செயலிகளை ஓட்டுவதற்கென்றே தரப்படும் ஏ2 முத்திரை பெற்ற கார்டுகூட விநாடிக்கு 2,000 முறை எழுதவே உறுதி தருகிறது. எஸ்எஸ்டிக்கு அது பல்லாயிரம்.

விலை மலிவாயிற்றே என்பார்கள். படம், பாட்டு வைத்துக்கொள்ள அந்த நியாயம் செல்லும். மென்பொருள் நிறுவுவதற்குச் செல்லாது. ஃபிளாஷ் நினைவகம் எழுத எழுதத் தேயும். எஸ்எஸ்டி தன் தேய்மானத்தைக் கணினிக்குத் தெரிவிக்கும். பெரும்பாலான கார்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதற்காக லேப்டாப்பில் கார்டு செருகுவாயே வீண் என்பதும் அவசரத் தீர்ப்பு: 2016-இல் மேக்புக் புரோவிலிருந்து அதை எடுத்த ஆப்பிளே 2021-இல் திரும்ப வைத்தது.